ஒன்பது வீட்டு ஏரியலில் ஒரு விசில்

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவள் நான். உறவுக்காரர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாலே நலம் விசாரித்த பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடிவிடுவேன். நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறக்கவும் கூச்சம். ரேடியோ வேலை செய்கிறவர்களின் சங்க மலருக்கு, "ஏதாச்சும் எழுதுங்கக்கா" என்று வந்து கேட்டார்கள். என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் மலாக்காவிலேயே எத்தனையோ பேர். அவர்கள் இருக்கும்போது நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான்.

ஆனால் இப்போது கடைவீட்டு வரிசைகளுக்கு ஒரே ஏரியல் போட்டு டெலிவிஷனுக்கு லைன் இழுக்கிற பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் வருகிறார்கள். "ஒரு வீட்டுல நல்லா வருது, இன்னொரு வீட்டுல கோடு கோடா விழுது, என்னான்னே தெரியலக்கா" என்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு சம்பவம்தான் நினைவுக்கு வரும். அதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

1. காயில் சுற்றுகிற வேலை

காஜா பெராங் சாலையில் காதர் பாய் ரேடியோ கடை வைத்திருந்தார். முன்பக்கம் ரிப்பேர் மேசை, பின்பக்கம் பேட்டரி சார்ஜ் போடும் இடம். நடுவில், ஜன்னலோரம், என் முக்காலி. காயில் சுற்றுவதுதான் என் வேலை. தலைமுடி கனத்தில் இருக்கும் செம்புக் கம்பியை, ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல், அட்டைக் குழாயில் சுற்ற வேண்டும். பேசாமல் செய்கிற வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. கிளேபாங்கிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். பகல் முழுக்க என் குரல் எனக்கே கேட்காது.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஆண்கள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் பெண்கள் மட்டும் இருப்பார்கள். ரேடியோ பெரும்பாலும் உள்கூடத்தில் இருக்கும். அங்கே பாய் நுழைய முடியாது. அந்த மாதிரி வீடுகளுக்கு என்னை அனுப்புவார்.

"நீ போனா கதவு தொறக்குது. நான் போனா நாய்தான் வருது" என்பார்.

கடைக்குப் பக்கத்துக் கம்போங்கில், அதாவது கிராமம் மாதிரியான குடியிருப்பில், செட்டிகள் குடியிருந்தார்கள். சாமி நம் சாமிதான், பேரும் நம் பேர்தான். பேச்சு மட்டும் மலாய். அதில் அங்கங்கே ஒரு தமிழ் வார்த்தை மிஞ்சியிருக்கும். என்னை அவர்கள் 'அக்கா' என்று கூப்பிட்டதும் அப்படி மிஞ்சிய வார்த்தைதான். அவர்கள் என்னிடம் மலாயில் சொன்னதை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்.

2. தென்னைமரத்து ஏரியல்

அந்தக் கம்போங்கின் ஒரு மூலையில் ஒன்பது வீடுகள் வில் மாதிரி வளைந்து நின்றன. நடுவில் மணல் முற்றம். எல்லா வீட்டுக்கும் தகரக் கூரை. தகரத்துக்கு அடியில் ரேடியோ வைத்தால் அலை உள்ளே வராது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் மூங்கில் நட்டுக் கம்பி கட்டியிருந்தார்கள். காற்றடித்தால் ஒருவர் கம்பி இன்னொருவர் கம்பிமேல் விழும். பிறகு இரண்டு வீட்டுக்கும் சண்டை.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கோலாலம்பூரில் நடக்கப்போவதை நேரடியாக ஒலிபரப்புவார்கள் என்று செய்தி வந்தது. பாய் அந்த முற்றத்தில் நின்று சொன்னார்: "மூங்கில எல்லாம் புடுங்கிடுங்க. ஒரே ஏரியல், ஒசரமா. அதுலருந்து ஒம்போது வீட்டுக்கும் லைன். மெர்டேக்கா அன்னிக்குக் காலையில ஒம்போது வீட்லயும் கணீர்னு கேக்கலன்னா, நான் ரேடியோ கடைய மூடிட்டு பாசார்ல மீன் விக்கப் போறேன்."

உயரமான மரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முதல் வீட்டுத் தென்னை. அது பாபா மணியுடையது. அறுபது தாண்டியவர், காது மந்தம். மரம் வேண்டும் என்று கேட்க பாய் கத்திய கத்தலில் மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் வெளியே வந்துவிட்டார்கள். பாபா மணி சிரித்துக்கொண்டே, "எடுத்துக்கோ லா. தேங்காய மட்டும் விட்டுட்டுப் போ" என்றார்.

தென்னையிலிருந்து பிடித்த அலையை ஒரு லைனாக வீடுகளின் பின்பக்க இறவாணத்தை ஒட்டிக் கொண்டுபோனோம். ஒவ்வொரு வீட்டுக்கும் லைனிலிருந்து ஒரு கிளை. கிளை பிரியும் இடத்தில் ஒரு சின்னக் காயில். ஒரு வீடு எல்லா அலையையும் உறிஞ்சிக்கொள்ளாமல், அதனதன் பங்கை மட்டும் எடுக்க அந்தக் காயில். ஒன்பதையும் நான்தான் சுற்றினேன்.

"ஒரே ரேடியோவ முற்றத்துல வெச்சு எல்லாரும் சுத்தி ஒக்காந்து கேக்கலாமே பாய்? எதுக்கு இவ்வளவு கம்பி?" என்று நான் கேட்டேன்.

"வெளிய வர முடியாத ஆளு இருந்தா?" என்றார் பாய்.

அப்படி ஓர் ஆள் இருந்தது.

3. ஒன்பதாவது வீடு

கடைசி வீட்டில் ஜானகி இருந்தாள். குழந்தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள். முதல் பிரசவம் என்பதால் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். நாற்பது நாள் ஆகும்வரை அவர்களுக்குப் பந்தாங் என்கிற விலக்கு. வாசற்படி தாண்டக் கூடாது, காற்றுப் படக் கூடாது, குளிர்ச்சியானதைத் தொடக் கூடாது. வயிற்றில் சூடான கல்லைத் துணியில் சுற்றிக் கட்டியிருப்பார்கள். அந்த அறைக்குள் புருஷனைத் தவிர வேறு ஆண்பிள்ளை போக மாட்டான்.

புருஷன் சந்திரனோ கோலாலம்பூரில் இருந்தான். போலீஸ் பேண்டில் பெரிய டிரம் அடிக்கிறவன். மெர்டேக்கா அணிவகுப்புக்காக ஒத்திகை என்று குழந்தை பிறப்பதற்கு முன்பே கூப்பிட்டுக்கொண்டார்கள். பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

"அவர் அடிக்கிறத நான் கேக்கணும்க்கா. புள்ளையும் கேக்கணும்" என்றாள் ஜானகி. அவள் அதிகம் பேசுகிறவள். நான் வாயைத் திறக்காததால் எனக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

சந்திரனின் அப்பாதான் பாபா மணி. வில் மாதிரி வளைந்த வரிசை என்று சொன்னேனே, அதனால் ஒன்பதாவது வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, முற்றத்துக்கு அந்தப் பக்கம், முதல் வீடு. கண்ணுக்கு மிகக் கிட்டம், எங்கள் லைனுக்கு மிகத் தூரம். மாமனார் தினமும் முற்றத்தில் நின்று ஜன்னலைப் பார்த்துக் கை ஆட்டுவார். ஜானகியின் அம்மா மீனாச்சி மாக்சிக் (அத்தை என்பது மாதிரி மலாயில் மரியாதைச் சொல்) பிள்ளையைத் தூக்கிக் காட்டுவார். அதற்குமேல் அவர் கிட்டே வந்ததில்லை.

லைன் போட்ட முதல் நாள் எட்டு வீட்டிலும் சத்தம் கணீரென்று வந்தது. ஒன்பதாவது வீட்டில் கொஞ்சம் மெலிவு. ஆனாலும் நன்றாகவே கேட்டது. மறுநாள் மத்தியானம் விசில் வந்தது.

4. யார் விசில் அடிக்கிறார்கள்?

ஊய்ய் என்று ஒரு சத்தம். சில சமயம் ஊசி மாதிரி மேலே போகும், சில சமயம் பூனை மாதிரி இறங்கும். அது வரும்போது பேச்சும் பாட்டும் கிணற்றுக்குள் போன மாதிரி அமுங்கிவிடும். எல்லா வீட்டிலும் கேட்டது. ஒன்பதாவது வீட்டில்தான் மோசம். கடைசி வீடு என்பதால் அங்கே நிகழ்ச்சி மெலிவாக வந்துசேரும். விசிலுக்கு அது இன்னும் வசதி.

மீனாச்சி மாக்சிக் கடைக்கே வந்துவிட்டார். "பாய், என் மக ஆறு நாளா ரேடியோ முன்னாடி ஒக்காந்திருக்கா. பேண்டு வாசிச்சா அந்தப் பேய் ஊளையிடுது. மூங்கில் இருந்தப்ப இது இல்லையே!"

"கப்பல்காரனுங்க மாக்சிக். கடல்ல நிக்கிற கப்பல்லருந்து அடிக்கிறானுங்க" என்றார் பாய். அப்படிச் சொல்லிவிட்டு பண்டார் ஹிலிர் கடற்கரைவரை சைக்கிளில் போய்ப் பார்த்தார். திரும்பிவந்தவரின் முகத்தை நான் பார்த்தேன்.

"கப்பலே இல்ல" என்றார்.

அடுத்து டியூப் லைட்டைச் சந்தேகப்பட்டார். அதன்பின் நாலாவது வீட்டுத் தையல் மோட்டாரை. அதன்பின் என் காயில்களை.

"ஒரு சுத்து கூடக்கொறைய இருக்கும்மா. இல்லன்னா ஏன் ஊளையிடுது?"

 ஒன்பதையும் கழற்றி, கம்பியை உருவி, புதிதாகச் சுற்றினேன். கோபமாகச் சுற்றினேன் என்றுதான் சொல்ல வேண்டும். விசில் போகவில்லை.

பாய் ஒவ்வொரு வீடாகச் சோதனைக்குப் போனார். ஆண்கள் வேலையிலிருந்து திரும்பிவந்த நேரமாகப் பார்த்துப் போவார். வாசலில் செருப்பைக் கழற்றுவார். உட்காரச் சொல்வார்கள். காப்பி வரும். செட்டைப் பிரித்துப் பார்ப்பார், வயரைப் பார்ப்பார், எர்த்தைப் பார்ப்பார். ஒரு வீட்டிலும் குற்றம் தெரியவில்லை. மெர்டேக்காவுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"மீன் கூடைக்குச் சொல்லிடட்டுமா பாய்?" என்று ஐந்தாவது வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார். பாய் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

5. ஜன்னலில் இருந்தவள் சொன்னது

அன்று சாயந்திரம் நான் ஒன்பதாவது வீட்டில் புதுக் காயிலை மாட்டிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் பேண்டு வாத்தியம். விசிலும் கூடவே. கடைசிப் பற்றை வைத்து ஈயம் ஆறுவதற்குள் விசில் நின்றது. பேண்டு அப்படியே அறைக்குள் வந்த மாதிரி இருந்தது.  என் காயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நின்னிடுச்சு!" என்றேன்.

"பாய் வந்துட்டாரு" என்றாள் ஜானகி.

"எங்க?"

"எதிர் வீட்டுக்கு. மாமா வீட்டுக்குள்ள போறாரு, பாருங்க."

ஜன்னல் பலகை இடுக்கில் பார்த்தேன். பாய் முதல் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். காப்பி குடிக்கும் நேரம் கழித்து வெளியே வந்து இரண்டாவது வீட்டுக்கு நடந்தார். நடக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஊய்ய் என்று விசில் திரும்ப வந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பாய் ஒடம்புலதான் என்னமோ இருக்கு போல" என்றேன். ஜானகி விழுந்து விழுந்து சிரித்தாள். வயிற்றில் கல் கட்டியிருந்ததால் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு சொன்னாள்: "பாய் மட்டும் இல்லக்கா. நாள் பூரா இந்த ஜன்னல்லதானே கெடக்கறேன். நேத்து மீன்காரன் மாமா வீட்டுக்குப் போனப்பவும் நின்னுச்சு. முந்தாநாள் கோயில்லருந்து ரெண்டு பேர் வந்தாங்க, அப்பவும் நின்னுச்சு. மாமா வீட்டுக்கு ஆள் வந்தா நிக்குது. ஆள் போனா..."

அவள் அங்கேயே நிறுத்திவிட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி வாசலில் தெரிந்தாலே ரேடியோவை அணைத்துவிடுவார்கள். வந்தவரை வைத்துக்கொண்டு பெட்டியைக் கேட்பது மரியாதைக் குறைவு. பாய் ஒவ்வொரு வீட்டுக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு, காப்பி குடித்துவிட்டு, அணைத்த செட்டைத்தான் சோதித்திருக்கிறார்! குற்றவாளி வீட்டுக்குள் நாங்கள் போன நேரமெல்லாம் குற்றம் நின்றிருக்கிறது. அது நின்றது தெரிய வேண்டுமானால் இன்னொரு வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையை நாங்கள் யாரும் செய்யவில்லை. வெளியே போக முடியாத ஜானகி செய்திருக்கிறாள்.

பாபா மணியின் செட் என்ன செட் என்று எனக்குத் தெரியும். அவருடைய பேட்டரி எங்கள் கடைக்குத்தான் சார்ஜுக்கு வரும். யுத்தத்துக்கு முந்திய ரியாக்ஷன் செட், இரண்டே இரண்டு கண்ணாடி வால்வு. ஜப்பான்காரன் காலத்தில் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. ஹெட்போன் மாட்டித்தான் கேட்க முடியும். அதில் ரியாக்ஷன் குமிழ் ஒன்று இருக்கும். அதைத் திருப்பத் திருப்பச் சத்தம் கூடும். அளவுக்கு மேல் திருப்பினால் அந்தச் செட் கேட்பதை விட்டுவிட்டுத் தானே அலை அனுப்ப ஆரம்பித்துவிடும். அவருக்கென்று தனி மூங்கில் இருந்தவரை அதனால் பெரிய தொந்தரவில்லை. நாங்கள் அதை மற்ற எட்டு வீட்டோடு ஒரே லைனில் கட்டிவைத்துவிட்டோம். அலை வருகிற வழியாகவே அவர் செட்டின் ஊளை எல்லா வீட்டுக்கும் போயிற்று.

அவருக்கு அது கேட்காதா என்று யோசித்தேன். ஜானகியே சொன்னாள். "மாமாவுக்குக் குருவி கத்துறது, சைக்கிள் மணி, எதுவும் கேக்காது. இடி இடிச்சா கேக்கும். என் வீட்டுக்காரர் சின்னப் பையனா இருந்தப்பவே, டிரம் அடிச்சாத்தான் அப்பாவுக்குக் கேக்குதுன்னு டிரம் கத்துக்கிட்டாராம்."

 மகன் அடிப்பதைக் கேட்க அந்த மனுஷர் குமிழை முழுக்கத் திருப்புகிறார். அந்தத் திருப்பலில்தான் இங்கே மருமகளுக்குக் கேட்காமல் போகிறது.

"அக்கா, மாமா வெக்கப்பட்டுப் போயிடுவாரு. மரம் குடுத்தவரே அவர்தானே. சொல்லாதீங்க. விசிலோடவே கேட்டுக்கறேன்" என்றாள் ஜானகி.

6. உள்ளங்கை

பாயிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாலு தடவ அந்த வீட்டுல காப்பி குடிச்சேனே!"

வழி அவருக்குத் தெரிந்திருந்தது. பாபா மணியின் கிளைக்கு நடுவில் இன்னொரு வால்வு வைக்க வேண்டும். அலை அதன் வழியாக உள்ளே போகும், திரும்பி வெளியே வராது. ஆனால் அந்த வால்வு கடையில் இல்லை. டவுனில் ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் விசாரித்தோம், அங்கேயும் இல்லை. விடுமுறைக்காகக் கடைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியிருந்தன.

"அப்ப அவர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். நீதான் போகணும்" என்றார்.

"நானா? ஏன் பாய்?"

"நான் சொன்னா கத்திச் சொல்லணும். ஒம்போது வீட்டுக்கும் கேக்கும்."

அது நிஜம். காது கேட்காதவரிடம் ஒரு விஷயத்தை ரகசியமாகச் சொல்ல முடியாது. எனக்கோ சத்தமாகச் சொல்லவே வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தவள் நான்.

மறுநாள் கடையிலிருந்த ஒரு சாதாரண ரேடியோவைத் தூக்கிக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பாபா மணி வழக்கம்போல ஹெட்போனைக் கழற்றி, செட்டை அணைத்தார். நான் இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டி, அவரை மறுபடியும் போடச் சொன்னேன். விருந்தாளி முன்னால் ரேடியோவா என்று அவருக்குச் சங்கடம். ஆனாலும் போட்டார்.

என் ரேடியோவையும் அதே கிளையில் மாட்டினேன். நல்லவேளையாக அணிவகுப்பு இசைதான் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டி, அவர் கையைப் பிடித்து ரேடியோவின் மரப்பெட்டிமேல் வைத்தேன். உள்ளங்கையில் தொம் தொம் என்று டிரம் தெரிந்திருக்கும். அவர் முகம் மலர்ந்தது. "டுங், டுங்" என்றார்.

பிறகு அவர் செட்டின் ரியாக்ஷன் குமிழை, அவர் வழக்கமாக வைக்கும் இடம்வரை நானே திருப்பினேன். ஊய்ய். டிரம் அமுங்கியது. பெட்டி சும்மா இருந்தது. குறைத்தேன். டிரம் வந்தது. திருப்பினேன். போயிற்று.

மூன்றாவது தடவை நான் திருப்பப் போகும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். குமிழைப் பார்த்தார். ஜன்னல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்தார்.

"அங்கயும் இப்படித்தானா?" என்றார்.

தலையாட்டினேன்.

"இத்தன நாளும்?"

நான் குமிழிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அவர் அதிலிருந்தே தெரிந்துகொண்டார். ஏரியல் வயரைத் தன் கையாலேயே செட்டிலிருந்து உருவிச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "அவ கேக்கட்டும். நான் அப்புறம் மகன் வந்தா நேர்ல அடிக்கச் சொல்றேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

7. வயருக்குப் பந்தாங் இல்லை

விசில் நின்றது. ஒன்பதாவது வீட்டில் கணீரென்று கேட்டது. பாய் மீன் விற்கப் போக வேண்டியதில்லை. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"மரம் குடுத்த மனுஷன் மட்டும் கேக்காம ஒக்காந்திருந்தா அது என்ன லைனு?" என்றார். "எட்டு வீட்டு லைன்னு மாத்திச் சொல்லணும்."

மூங்கிலைத் தனியாக நட்டுக் கொடுக்கலாம் என்றார் ஐந்தாவது வீட்டுக்காரர். பக்கத்திலேயே இன்னொரு கம்பி நின்று ஊளையிட்டால் எங்கள் ஏரியல் அதையும் பிடிக்கும் என்றார் பாய். பாபா மணியை ஜானகி வீட்டுக்கே கூட்டிப்போய்க் கேட்கவைக்கலாம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். மீனாச்சி மாக்சிக் பதறிவிட்டார். "அலாமக்! பந்தாங் வீட்டுக்குள்ள ஆம்பளையா?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "ஆளு போகக் கூடாது. சரி. வயரு போகலாமா மாக்சிக்?"

"வயரா?"

"ஜன்னல் வழியா. உள்ளருந்து வெளிய."

மீனாச்சி மாக்சிக் கொஞ்சம் யோசித்தார். "வயருக்கு என்ன பந்தாங்? வயரு என்ன ஆம்பளையா?" என்றார். முற்றமே சிரித்தது.

ஜானகி வீட்டு ரேடியோவின் பின்பக்கம் நான் இரண்டு காண்டென்சர் வைத்துப் பற்றினேன். கரண்ட் வெளியே வராமல் சத்தம் மட்டும் வெளியே வருவதற்கு. அங்கிருந்து ஒரு வயரை ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே விட்டேன். அதன் முனையில் பாபா மணியின் பழைய ஹெட்போன். ஜன்னலுக்கு அடியில் ஒரு பலகை. குமிழ் எதுவும் அவர் கையில் இல்லை. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உள்ளே மருமகள் கையில்.

8. மெர்டேக்கா காலை

அன்று காலை நான் அறைக்குள் ஜானகியோடு இருந்தேன். பாய் வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி முற்றத்தில் நின்றார். ஒன்பது வீட்டுக் கதவும் திறந்திருந்தது. எல்லா வீட்டிலிருந்தும் ஒரே குரல் வந்ததால் முற்றமே ஒரு ரேடியோ மாதிரி இருந்தது. முதல் வீட்டில் மட்டும் செட் ஓடவில்லை. அந்த வீட்டுக்காரர் பலகையில் உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை, தலையில் சோங்கோக் தொப்பி, அதன்மேல் ஹெட்போன்.

பேண்டு ஆரம்பித்தது. ஜானகி சத்தத்தைக் கூட்டினாள். குழந்தை மடியில் இருந்தது. அவள் அதன் முதுகை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். வெளியே பாபா மணியின் விரல் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இவள் கை, வெளியே அவர் விரல். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. இருவருக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். ஒருவர் தட்டுவது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் பார்க்கிற இடத்தில் நான் மட்டும் இருந்தேன்.

"அது அவர்தான்க்கா" என்றாள் ஜானகி.

அங்கே எத்தனை பேண்டோ, எத்தனை டிரம்மோ. எனக்குச் சந்தேகம்தான். 

அப்போது வெளியிலிருந்து பாபா மணி, காது கேட்காதவர்கள் பேசுகிற பெரிய குரலில், "தோல் நனைஞ்சிருக்கு!" என்றார்.

"என்ன மாமா?" என்று ஜானகி உள்ளிருந்து கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை.

"டிரம் நனைஞ்சிருக்கு. தொப்பு தொப்புன்னு விழுது. அவன் நல்லா இறுக்கலை!"

முற்றத்தில் வெயில் காய்ந்தது. ஐந்தாவது வீட்டுக்காரர் சிரித்தார். பாய் மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு மெர்டேக்கா என்ற குரல் வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. ஒன்பது வீட்டிலும் பதில் குரல் எழுந்தது. நானும் கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. குழந்தை பயந்து அழுதது.

ஒரு வாரம் கழித்து சந்திரன் வந்தான். எனக்கு அந்த விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருந்ததால், கூச்சத்தை விட்டு நானே போய்க் கேட்டேன். கோலாலம்பூரில் அன்று காலை மழை என்றான். காத்திருந்தபோது டிரம் நனைந்துவிட்டதாம், துடைத்து இறுக்க நேரம் இல்லையாம். "ஏன்க்கா, ரேடியோவுல அசிங்கமாவா கேட்டுச்சு?" என்றான்.

"உங்க அப்பாவுக்கு மட்டும் கேட்டுச்சு" என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரே ஏரியலில் பல வீடுகளைக் கட்டும்போது, ஒவ்வொரு வீட்டுக்கும் என்ன போகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் என்ன திரும்பி வருகிறது என்றும் பாருங்கள். சோதிக்கப் போனால் செட்டை அணைக்கவிடாதீர்கள், காப்பியைப் பிறகு குடித்துக்கொள்ளலாம். லைனின் கடைசி வீட்டில் யார் இருக்கிறார் என்று கேட்டு, முதலில் அங்கே போய் உட்காருங்கள்.

மெர்டேக்காவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை திறக்கவில்லை. நான் கிளேபாங்கில் துணி துவைத்தேன்.